வானத்தைச் சூடு பண்ணக் கெளம்பின மாப்ள

ஏன் மாப்ள, ஊட்டியில வெட்டவெளியைச் சூடு பண்ணப் போறியாமா? நெம்பச் சந்தோசம். என்ற தங்கச்சி பையன் இப்பிடியொரு பெரிய காரியத்துல எறங்குவான்னு நான் நினைச்சே பாக்கலை. கடல் மட்டத்துல இருந்து 2,240 மீட்டர் ஒசரம். மார்கழி ராத்திரி. சுத்திலும் செவுரு கிடையாது, மேல கூரை கிடையாது. அந்தச் சிட்-அவுட்டுல எட்டு மேசை போட்டு, இ-பாஸ் எடுத்துட்டு வர்ற சென்னைக்காரனை உக்கார வச்சு, அவனுக்கு வேர்க்கற அளவுக்குச் சூடு குடுக்கோணும். அதுக்கு எந்தக் கரண்டு ஹீட்டர் வாங்கலாம்னு மாமன்கிட்ட ரோசனை கேக்கறே. கேட்டதே பெருசு சாமி. அந்தக் கண்ணாடி மேசை எட்டையும் வாங்கறப்ப யாரையும் கேக்கலை.

நீ செல்போன்ல அனுப்பின படமெல்லாம் பார்த்தேன். கருப்புப் பலகை, ரிமோட்டு, செல்போன்லயே ஆன் பண்ற வசதி, பெரிய எழுத்துல 3,000 வாட்டுன்னு போட்டிருக்குது. கீழ ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு கையில்லாத சட்டையப் போட்டுட்டுச் சிரிச்சுட்டு உக்காந்திருக்கறா. மாப்ள, அந்தப் படத்தை அவங்க ஊர்ல கோடையில எடுத்திருப்பாங்க.

சரி, கேட்டுட்டே. சொல்றேன். குந்தா, எமரால்டு, அவலாஞ்சின்னு இந்த மலையில ஈபி கம்பம் ஏறி எறங்கின ஒடம்பு இது. குளுரைப் பத்தியும் கரண்டைப் பத்தியும் ரெண்டு வார்த்தை பேச எனக்குப் பாத்தியம் இருக்குது. கேட்டு முடிச்சுட்டு நீ உன்ற இஷ்டத்துக்குத்தான் பண்ணுவேன்னும் எனக்குத் தெரியும்.

மொதல்ல உன்ற பயத்தைப் பேசலாம். காந்தல்லயும் தலைக்குந்தாவுலயும் புல்லு மேல உறைபனி வெள்ளையாப் படிஞ்சு கெடக்கற படத்தைப் பேப்பர்ல போட்டுட்டான், சீரோ டிகிரின்னு எழுதிட்டான். நீ அதைப் பார்த்துட்டுப் பெரிய வாட்டுக்குப் போறே. உறைபனி விழுகற ராத்திரிதான் உனக்கு வசதியான ராத்திரி, தெரியுமா? அன்னிக்குக் காத்து அசையாது. வானம் மேகமில்லாமத் தொடைச்சு விட்டுக் கெடக்கும். தரை, புல்லு, உன்ற வாடிக்கைக்காரன் வழுக்கை எல்லாத்துல இருந்தும் சூடு கதிராக் கெளம்பி நேரா மேல போயிட்டே இருக்கும். தடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லை, அதனாலதான் குளுருது. மரத்தடியில நிறுத்தின கார்ல பனி படியாது, நாலடி தள்ளி வெட்டவெளியில நிறுத்தின கார்ல படியும். நீயே வெடியாலப் பார்த்திருப்பே. பார்த்துப்போட்டு டிரைவரைத் திட்டிட்டுப் போயிருப்பே. தாவரவியல் பூங்காவுல பனிக்காலம் வந்தாப் பூச்செடிக்கு மேல கோத்தகிரி மிலாரை வெட்டிக் கட்டறாங்களே, எதுக்கு? செடிக்கும் வானத்துக்கும் நடுவுல ஒரு மறைப்பு வேணும், அதுக்குத்தான். பூங்காவுல செடிக்கு இருக்கற கூரை உன்ற கடையில மனுசனுக்கு இல்லை.

ஆகையினால மொதச் செலவு ஹீட்டருக்கு இல்லை, கூரைத் தகரத்துக்கு. மூஞ்சியத் தூக்காதே. நட்சத்திரம் பாக்கோணும்னு சொல்றவன் அஞ்சு நிமிசம் எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டு வரட்டும். அண்ணாந்து பார்த்துட்டே எவனும் ரெண்டாவது டீ சொல்றதில்லை.

உன்ற நெசமான எதிரி ஆடிக்காத்து. தென்மேற்குப் பருவம் ஏறிடுச்சுன்னா டிகிரிக் கணக்குல பார்த்தாக் குளுரே கெடையாது. பன்னண்டு, பதினஞ்சு இருக்கும். ஆனா மேக்கால இருந்து சாரலும் காத்துமா அடிக்கறப்போ சட்டைக்குள்ள இருக்கற சூட்டை வாரிட்டுப் போயிரும். எட்டுக் கிலோவாட்டு மாட்டினாலும் அந்தக் காத்துல நிக்காது. சீரோ டிகிரி ராத்திரியில ஒத்தை ட்யூபு செய்யற வேலையை ஆடி மாசம் நாலு ட்யூபு செய்யாது. இதைக் கடைக்காரன் சொல்ல மாட்டான். அவனுக்கு நாலு ட்யூபு விக்கற சோலி இருக்குது.

காசு செலவில்லாத ஒரு சோதனை சொல்றேன். பொழுதோட, கடை திறக்கற நேரத்துக்கு, ஒவ்வொரு மேசையிலயும் ஒரு ஊதுவத்தியைப் பத்த வச்சுட்டுச் சும்மா உக்காந்து பாரு. வாடிக்கைக்காரன் வந்தா இன்னிக்கு வெள்ளிக்கெழமைன்னு சொல்லிக்கலாம். பொகை நேரா எந்திரிக்கற மேசையில ஹீட்டர் வேலை செய்யும். பொகை படுத்துட்டு ஓடுற மேசையில மொதல்ல தடுப்பு வையி, அப்புறம் ஹீட்டர். மேக்கால முழுசா ஒரு தடுப்பு, தெக்கால பாதி, உக்காந்திருக்கறவன் தலைக்கு மேல ஒரு அடி ஒசரம். அவ்வளவு போதும். இதைப் பண்ணினாலே பாதிக் குளுரு போயிரும். அப்புறம் ஹீட்டரே வேண்டாம்னு உனக்குத் தோணினாலும் தோணலாம். ஆனா ஹீட்டர் இருக்குதுன்னு கடை போர்டுல எழுதியாச்சு. அதனால மேல சொல்றேன்.

இந்த ஹீட்டர் காத்தைச் சூடு பண்ற பண்டமில்லை மாப்ள. 1800ல இங்கிலாந்துல வில்லியம் ஹெர்ஷல்னு ஒருத்தரு. ஆதியில சங்கீதக்காரரு, அப்புறம் வானத்தைப் பாத்துட்டே காலத்தை ஓட்டினவரு. வெய்யிலைப் பட்டகக் கண்ணாடியில விட்டு நெறம் நெறமாப் பிரிச்சு, ஒவ்வொரு நெறத்துலயும் தெர்மாமீட்டரை வச்சுப் பார்த்தாரு. சிவப்பு முடிஞ்சு அக்கட்டால, கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாத எடத்துல வச்ச தெர்மாமீட்டர் மத்ததைக் காட்டியும் ஏறிப்போச்சு. அதுதான் அகச்சிவப்புக் கதிரு. என்ற பேத்தி புஸ்தகத்துல இருக்குது. நீயும் படிச்சிருப்பே, பரீட்சைக்கு முந்தின நாள் வரைக்கும். அந்தக் கதிரு நடுவுல இருக்கற காத்தை அதிகமாச் சட்டை பண்ணாது, நேராப் போய் எது மேல படுதோ அதைச் சூடு பண்ணும். ஆள் மேல பட்டா ஆளுக்கு லாபம். மேசை மேல பட்டா மேசைக்கு லாபம். காலி நாற்காலி மேல பட்டா ஈபிக்கு லாபம்.

ரூம்ல வைக்கற ஊதற ஹீட்டர், ஃபேன் வச்சது, அதைக் கொண்டாந்து வெளிய வச்சிருக்கறயே, அதை இன்னிக்கே உள்ள தூக்கி வையி. அது காத்தைச் சூடு பண்ணி அனுப்புது, காத்து அதை வாங்கிட்டுக் குன்னூருக்குப் போயிருது.

கதிர் ஹீட்டர்ல மூணு சாதி. கடைக்காரன் மூணையும் ஒரே பேரு சொல்லித்தான் விப்பான்.

ஒண்ணு தகதகன்னு எரியறது. குவார்ட்ஸ் கண்ணாடிக் கொழாய்க்குள்ள டங்ஸ்டன் இழை, சுத்தியும் ஹாலஜன் வாயு. இழை 2,000 டிகிரியை ஒட்டிச் சிவந்து வெளுத்து எரியும். சுவிட்சைத் தட்டின ரெண்டாம் நொடி முழுச் சூடு. குட்டை அலைன்னு சொல்லுவாங்க. ரெண்டாவது கார்பன் இழை போட்டது. அதைக் காட்டியும் கொஞ்சம் தணிஞ்ச எரிப்பு, கண்ணுக்கு எதமா இருக்கும், நடுத்தர அலை. மூணாவது உன்ற கனவுல வர்ற கருப்புப் பலகை. வெளிச்சமே வராது, உள்ள இருக்கற கம்பி பலகையைச் சூடாக்கி, பலகை நமக்குச் சூடு குடுக்கோணும். நெட்டை அலை. பதமா வர்றதுக்குப் பத்து நிமிசம் ஆகும்.

பலகை கெட்டதுன்னு நான் சொல்லலை. செவுரு நாலும் இருக்கற ஹாலுக்கு அது நல்ல பண்டம். ஆனா அது இருநூறு முந்நூறு டிகிரியில நிக்கற அகலமான தகடு. காத்து அதைத் தடவிட்டுப் போறப்பவே சூட்டுல பெரும்பங்கை எடுத்துட்டுப் போயிரும். மிச்சம் மீதிதான் கதிராக் கீழ எறங்கும். எரியற இழை அப்பிடியில்லை. அத்தனை சூட்டுல இருக்கறதுனால வாங்கற கரண்டுல பெரும்பகுதியைக் கதிராவே கொட்டிப்போடும், காத்து கொழாய் மேல உரசறதுல போறது கொஞ்சம்தான். அதனால ஊட்டி மாதிரி எடத்துல வெளிய மாட்டறதுக்கு மொதல் சாதி. மூணு பக்கம் மறைச்சுட்டயானா ரெண்டாவதும் ஆகும். மூணாவதை உன்ற படுக்கையறையில மாட்டிக்கோ, கல்யாணத்துக்கு அப்புறம் ஆகும்.

உன்ற அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். வெளிச்சம் செகப்பா அடிக்குமே, போட்டோ கெட்டுப் போகுமேங்கறே. கெடும்தான். மூஞ்சி, சுவரு, பக்கத்துல இருக்கற பூந்தொட்டி எல்லாம் செவந்து தெரியும். அதுக்கு ரூபிப் பூச்சுப் போட்ட கொழாய் வருது, கண்ணு கூசறதைக் குறைக்கும். விலை கொஞ்சம் கூட. குடுத்து வாங்கு. மிச்சம் இருக்கற செகப்பு உன்ற சில்லி சிக்கனுக்கு நல்லதுதான், கலர்ப்பொடி செலவு மிச்சம்.

எடம். அழகா இருக்கும்னு பன்னண்டு அடி ஒசரத்துல மாட்டலாம்னு எழுதியிருந்தே. தூரம் ரெட்டிச்சா மேல வந்து விழுகற சூடு பாதியைக் காட்டியும் கீழ போயிரும். பன்னண்டு அடியில மாட்டினா உத்தரத்துல கூடு கட்டியிருக்கற குருவி உனக்கு நன்றி சொல்லும், வேற ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. ஏழு அடியில இருந்து எட்டு அடி. கை எட்டக்கூடாது, கதிரு எட்டோணும். நேர் உச்சியில தொங்க விடாதே. தலை காயும், மேசைக்கு அடியில காலு வெறைக்கும், வந்தவன் தலைவலிக்கு மாத்திரை கேப்பான். பக்கவாட்டுல இருந்து சாய்ச்சு, நெஞ்சுலயும் மடியிலயும் படற மாதிரி வையி. ஒரு மேசைக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன ஹீட்டர் வச்சா, ஒரு பக்கம் பெருசா வைக்கறதைக் காட்டியும் மேலு. மொகம் காஞ்சு முதுகு குளுர்றது ஒரு வேதனை. நடுவுல குடை நட்டுப்போட்டயானா கதிரு குடையைத்தான் சூடு பண்ணும். குடைத் துணி கருகற வாசனைக்கு மெனுவுல பேரு கிடையாது.

அந்த மூங்கில் தட்டி, கோரைப்புல் கூரைங்கற ரோசனையையும் விட்டுரு. ஹீட்டருக்கும் கூரைக்கும் எத்தனை எடைவெளி, துணிக்கு எத்தனை, மரத்துக்கு எத்தனைன்னு பெட்டிக்குள்ள ஒரு தாள் வெப்பான். அதை மட்டும் படிக்காமத் தூக்கிப் போட்டறாதே. பெரும்பாலும் ட்யூபைப் படுக்கை வசமாத்தான் மாட்டோணும்னு அதுலயே போட்டிருக்கும். நட்டுக்குத்தலா நிறுத்தினா சூட்டுல இழை ஒரு பக்கமா எறங்கிச் சீக்கிரம் போயிரும். தூணுக்கு அழகா நட்டுக்குத்தலா மாட்டலாம்னு உன்ற டிசைன்காரன் சொல்லுவான். தாளை அவன்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லு.

இப்ப வயருக்கு வர்றேன். இங்கதான் நீ சிரிக்கறதை நிறுத்தோணும்.

2,000 வாட்டு ஹீட்டர் ஒண்ணு 230 வோல்ட்டுல எட்டே முக்கால் ஆம்பியரை ஒட்டி இழுக்கும். 3,000 வாட்டு பதிமூணு ஆம்பியர். செல்போன் சார்ஜர் சொருகற 6 ஆம்பியர் பிளக்குல இதைச் சொருகக்கூடாது. 16 ஆம்பியர் பவர் பிளக்குதான், அதுவும் ஹீட்டருக்கு ஒரு தனி லைன், தனி எம்.சி.பி. ஒரு ஹீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரு. பெருசுன்னா, இல்லை மீட்டர் பொட்டியில இருந்து தூரம்னா 4. எக்ஸ்டென்ஷன் பாக்ஸுங்கற பண்டத்தை இந்தக் காரியத்துக்குத் தொடவே தொடாதே. எல்லாத்துக்கும் முந்தி 30 மில்லி ஆம்பியர்ல விழுகற ஆர்.சி.சி.பி. ஒண்ணு, நல்ல எர்த்து ஒண்ணு. ஈரத் தரையில, ஈரச் செருப்போட, இரும்பு நாற்காலியில ஒருத்தன் உக்காந்திருக்கறான் மாப்ள. எர்த்தை மட்டும் யாரும் போட்டோ எடுக்கறதில்லை, அதனால நீ அதை மறந்துருவேன்னுதான் திருப்பித் திருப்பிச் சொல்றேன்.

ஒரு ரிசார்ட்டுல, பேரு வேண்டாம், புதுவருச ராத்திரிக்கு வாடகை ஹீட்டர் அஞ்சாறைக் கொண்டாந்து ஒரே போர்டுல சொருகினான். பன்னண்டு மணிக்கு எல்லாரும் கத்தினாங்க. வருசம் பொறந்ததுக்குக் கத்தறாங்கன்னு நானும் நினைச்சேன். போர்டு உருகி வழிஞ்சுட்டிருக்குது. அன்னிக்கு அந்த ஏரியாவுக்கே வருசம் இருட்டுலதான் பொறந்துச்சு.

வோல்டேஜைப் பத்தி உன்ற கருப்புப் பலகை விளம்பரம் ஒரு வார்த்தை சொல்லலை பாரு. நீ இருக்கறது டிரான்ஸ்பார்மர்ல இருந்து கடைசிக் கம்பம். வாய்க்காத் தண்ணி தலைமடைக்காரன் எல்லாம் பாய்ச்சின பொறவுதான் கடைமடைக்காரனுக்கு. கரண்டும் அப்பிடித்தான், உன்ற கம்பத்துக்கு வர்றப்போ இளைச்சுத்தான் வரும். சாயங்காலம் எல்லா லாட்ஜுலயும் கெய்சர் போடற நேரத்துல உனக்கு 190 வோல்ட்டு வந்தாப் பெருசு. அந்த 190ல 2,000 வாட்டு ஹீட்டர் 1,400, 1,500 வாட்டுக்குத்தான் எரியும். வோல்டேஜு கொஞ்சம் எறங்கினா வாட்டு நெம்ப எறங்கும், அது கணக்கு. அதனால ஹீட்டர் விலை கேக்கறதுக்கு முந்தி ரெண்டு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு மல்டிமீட்டர்ல வோல்டேஜு பாரு. மல்டிமீட்டர் இல்லீன்னா என்ற மரப்பெட்டியில ஒண்ணு கெடக்குது, திருப்பிக் குடுக்கறவனுக்கு மட்டும்தான் தருவேன்.

எட்டு மேசைக்கு எட்டு ஹீட்டர்ங்கறே. 16 கிலோவாட்டு. கிட்டத்தட்ட எழுபது ஆம்பியர். சிங்கிள் பேஸுல அது நடக்காது. த்ரீ பேஸ் வாங்கோணும், ஈபி ஆபீஸுல லோடு ஏத்தி எழுதிக் குடுக்கோணும், டெபாசிட்டுக் கட்டோணும். வீட்டுச் சர்வீஸுலயே கடைக்கும் இழுத்துக்கலாம்னு உன்ற அப்பா காதுல சொன்னாராமா? அவருகிட்டச் சொல்லு, பறக்கும் படைன்னு ஒண்ணு இருக்குது, அவங்களுக்கும் குளுரும், நீ ஹீட்டர் போட்டிருக்கறது தெரிஞ்சா மொதல் வாடிக்கை அவங்கதான். வீட்டுக்குக் குடுக்கற நூறு யூனிட்டு எனாமைக் கடையில எரிச்சா அது எனாமில்லை, பின்னால வட்டியோட வரும்.

செலவுக் கணக்குப் போடு. கடைச் சர்வீஸுல யூனிட்டு பத்து ரூபாய்னு வச்சுக்கோ. எட்டு ஹீட்டர் நாலு மணி நேரம் எரிஞ்சா 64 யூனிட்டு, ராத்திரிக்கு 640 ரூபாய். மாசத்துக்குப் பத்தொம்பதாயிரத்துக்கு மேல. இப்ப நாலு பேரு வர்றாங்க. ஒரு மசாலா டீ சொல்லி நாலு கிளாஸ் கேக்கறாங்க. ரெண்டு மணி நேரம் உக்காந்து சினிமாக் கதை பேசறாங்க. அவங்க தலை மேல எரிஞ்சது நாலு யூனிட்டு, நாப்பது ரூபாய். டீயில உனக்கு நின்ன லாபத்தை நான் கேக்கலை. கேட்டா நீ அழுவே.

அதனால மூணே மூணு மேசை. நல்ல மேசையாப் பார்த்து, காத்து மறைவுல, கூரைக்கு அடியில. மேசைக்கு 2,000 வாட்டு. ஒவ்வொண்ணுக்கும் தனிச் சுவிட்சு, கூட ஒரு அரைமணி டைமர். நேரம் முடிஞ்சு அணைஞ்சதும் சர்வர் போய் வேற ஏதாச்சும் வேணுமுங்களான்னு கேட்டுட்டு மறுபடி போடோணும். ஆன் பண்ணின ரெண்டாம் நொடி சூடு வர்ற பண்டத்தை வாங்கச் சொன்னது இதுக்குத்தான். கருப்புப் பலகைன்னா ஆள் வர்றதுக்கு முந்தியே போட்டு வைக்கோணும், வராதவனுக்குக் கூட பில்லு ஏறும். மத்த அஞ்சு மேசைக்கும் ஒவ்வொரு கம்பளி மடிச்சு வையி. கம்பளிக்கு லோடு எழுதிக் குடுக்க வேண்டியதில்லை. குளுர் சீசன்ல எட்டு மேசையும் நெறைஞ்சா எனக்குச் சொல்லியனுப்பு, நேர்ல வந்து மொய் எழுதறேன்.

பிரான்ஸ் தேசத்துல 2022 ஏப்ரல்ல இருந்து ஓட்டல் வாசல்ல, ரோட்டோரத்துல வெட்டவெளி ஹீட்டரையே கவர்ன்மென்டு தடை பண்ணிப்போட்டுதுன்னு பேரன் சொன்னான். ஊரையே சூடு பண்ணக் கரண்டை வீணாக்காதீங்கன்னு. பாரீஸுக்காரன் நம்ம தாத்தனாட்டச் சால்வையைப் போத்திட்டுக் காப்பி குடிக்கறானாமா. நீ பாரீஸ் ஸ்டைலுன்னு போர்டு எழுதியிருக்கறே, அதனால சொன்னேன்.

கேஸு ஹீட்டர், காளான் குடை கணக்கா நிக்குமே, அதைப் பத்தியும் கேட்டே. அது பன்னண்டு பதிமூணு கிலோவாட்டுக்கு எரியற பண்டம், மணிக்கு ஒரு கிலோ கேஸை ஒட்டிக் குடிக்கும். 19 கிலோ கடைச் சிலிண்டரு அஞ்சு ராத்திரி தாங்கினாப் பெருசு. வீட்டுச் சமையக்கட்டுச் சிலிண்டரை உருட்டிட்டு வந்துரலாம்னு கண்ணு போகும், அது சட்டப்படிக் குத்தம். அதுக்கு மேல, தடுப்பு கட்டின எடத்துல அதை வைக்கறது ஆபத்து. கரிக் கணப்பைப் பத்திச் சிரிக்காமச் சொல்றேன், கேட்டுக்கோ. வெளிய எரிஞ்ச கணப்பைக் குளுருதுன்னு எவனாச்சும் ரூமுக்கோ கூடாரத்துக்கோ உள்ள தூக்கிட்டுப் போக விட்டறாதே. தணல் செத்தாப்பல தெரிஞ்சாலும் விடாதே. வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு தூங்கறவனை எந்திரிக்க விடாது. கரண்டு ஹீட்டர்ல அந்த ஒரு பயம் இல்லை. உன்ற திட்டத்துல எனக்குப் பிடிச்ச ஒரே சங்கதி அதுதான்.

மழை. பெட்டியில ஐ.பி.ன்னு போட்டு ரெண்டு எண்ணு இருக்கும். மொத எண்ணு தூசிக்கு, ரெண்டாவது தண்ணிக்கு. ரெண்டாவது எண்ணு சைபரா இருந்தா அது ரூமுக்குள்ள மட்டும். நாலுன்னா எந்தப் பக்கம் தெளிச்சாலும் தாங்கும், அஞ்சுன்னா கொழாய்ல பீச்சினாலும் தாங்கும். கூரைக்கு அடியில நல்லா உள்ள தள்ளி இருந்தா 44 போதும். சாரல் அடிக்கற ஓரம்னா 55க்குக் கீழ எறங்காதே, 65 கெடைச்சா வாங்கிக்கோ. 2019 ஆகஸ்டுல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டுச்சு. அந்த மழை வந்தா எந்த எண்ணும் நிக்காது, மெயினை அணைச்சுட்டு வீட்டுக்குள்ள போயிரோணும். ஹீட்டரு மட்டும் 65 வாங்கிப்போட்டு, பிளக்குப் பாயிண்டை மழையில நனைய விடறவங்களையும் நான் பார்த்திருக்கறேன். சுவிட்சுக்கும் மூடி வையி. வயரைப் பைப்புக்குள்ள விட்டு இழு. குரங்குக்கு வயரு இழுக்கறது பொழுதுபோக்கு, எலிக்கு அது சாப்பாடு.

குரங்குன்னதும் ஞாபகம் வருது. கோத்தகிரிப் பக்கம் கரடி கடைக்கதவைத் தட்டறது புதுசில்லை, காட்டெருமை தெருவுல நின்னு அசை போடறதும் புதுசில்லை. ராத்திரி கடைய மூடறப்போ எல்லா ஹீட்டரையும் மெயின்ல அணைச்சுட்டுப் போ. வெடியால வந்து பாக்கறப்போ மூணாம் மேசையில சூடா ஒருத்தரு படுத்திருந்தா, அவருகிட்ட பில்லு குடுக்கற தைரியம் உனக்கு இல்லை.

கோயமுத்தூருக்குத்தானே வாங்கப் போறே? கடைக்காரன்கிட்ட வாட்டைக் கேக்காதே, அவனே சொல்லுவான், கூட்டியே சொல்லுவான். ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் காட்டச் சொல்லு. ட்யூபு எத்தனை மணி நேரம் வரும்னு கேளு. 5,000 மணின்னு சொன்னா, ராத்திரிக்கு நாலு மணி நேரம் எரிச்சா மூணு வருசத்துக்கு மேல ஓடும். அப்புறம் கேளு, ட்யூபு மட்டும் தனியாக் கெடைக்குமா, இப்பவே ஒண்ணு எடுத்து மேசை மேல வைக்க முடியுமான்னு. வரவழைச்சுத் தர்றேனுங்கன்னு சொன்னான்னா கும்பிடு போட்டுட்டு அடுத்த கடைக்கு நட. ட்யூபு மாத்தறப்போ வெறுங்கையில தொடாதே. வெரல்ல இருக்கற எண்ணெய்ப் பசை ஒட்டினா அந்த எடத்துல குவார்ட்ஸு வெந்து மங்கி, ட்யூபு வெடிச்சுப் போகும். உன்ற சர்வர் பையன் வடை எடுத்த கையோட ஏணியில ஏறுவான், நீ கீழ நின்னு அதைப் பாரு.

நம்ம சின்னக்கவுண்டர் மவன் கடையில வாங்கலாம், ஒறம்பரை விலைக்குக் குடுப்பான்னு உன்ற அம்மா சொல்லும். அங்க போகாதே. ஒறம்பரைக்குப் பில்லு போட மாட்டான், பில்லு இல்லீன்னா வாரண்டி இல்லை, வாரண்டி கேட்டா அடுத்த நோம்பிக்குச் சோறு இல்லை.